எண் பலகை இல்லாத நான்கு நாள்கள்



ஸ்கூட்டரின் பின்புறத்தில் எண் பலகையைப் பொருத்துவது குறித்து எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கக்கூடும். சில மாதங்களுக்கு முன்பு வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு தகடு, இரண்டு பூட்டாணிகள், பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிட வேலையைத் தள்ளிப்போட்டதால் என்னைப் பற்றி நான் அறிந்துகொண்டதை இங்கே பதிவு செய்கிறேன். அல்லாஹ் மறைத்துவைத்த பாவத்தை அடியான் தானே வெளிப்படுத்தலாகாது என்பதை அறிவேன். ஆனால் இது நடுச்சாலையில் நடந்தது. பழியும் என்னோடு நிற்காமல் பிறர்மீதும் விழுந்தது. ஆகவே எழுதுகிறேன்.

கீழக்கரையில் இருக்கும் என் வண்டி 2021ஆம் ஆண்டு வாங்கியது. 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கெல்லாம் உயர் பாதுகாப்பு எண் பலகை கட்டாயம் என்பதால், என் வண்டிக்கும் அதுவே பொருத்தப்பட்டிருந்தது. அலுமினியத் தகடு, மேல் ஓரத்தில் அசோகச் சக்கரம் பொறித்த ஹாலோகிராம், கீழே லேசரால் பொறித்த நிரந்தர அடையாள எண், பக்கவாட்டில் நீல நிறத்தில் நாட்டின் பெயர்ச்சுருக்கம். பின்பலகையைப் பூட்டும் ஆணிகள் சாதாரணத் திருகாணிகள் அல்ல. ஒரு முறை அழுத்திப் பூட்டினால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே அந்தப் பலகை கழன்றுவிடும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஆனால் பூட்டு உறுதியாக இருந்தால் மட்டும் போதாது, அது பற்றியிருக்கும் இடமும் உறுதியாக இருக்க வேண்டும். வேகத்தடைகளில் குலுங்கிக் குலுங்கிப் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் மட்கார்டு, பூட்டு இருந்த துளையிலிருந்தே விரிசல் விட்டது. ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னார்: “காக்கா, பலகை ஒரு பக்கம் தொங்குது, பாத்துக்கங்க.” நான் ஒரு கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டினேன். நாளை சரிசெய்துகொள்ளலாம் என்றேன். அந்த நாளை மூன்று வாரங்களாக நீண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏர்வாடிக்குப் போய்த் திரும்பி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, கம்பி மட்டும் இருந்தது, பலகை இல்லை. போன வழியே திரும்பிச் சென்று அரை மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை.

அன்றே வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. ஊருக்குள்தானே ஓட்டுகிறோம், யார் கேட்கப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என நான்கு நாள்கள் அப்படியே ஓட்டினேன்.

அந்த நாள்களில் என் கைகளுக்கும் கால்களுக்கும் ஏதோ நேர்ந்திருந்தது. இதை அப்போது நான் உணரவில்லை, பின்னர்தான் உணர்ந்தேன். ஒருவழிப் பாதையில் எதிராகப் புகுந்தேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வேகத்தைக் குறைக்காமல் சென்றேன். ஒரு முறை, காவலர் கையசைத்ததைப் பார்த்தும் பாராதவன்போல் சந்துக்குள் திரும்பினேன். இருபது ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறேன். இவற்றில் ஒன்றையும் இதற்கு முன் நான் செய்ததில்லை. என் ஒழுங்கெல்லாம் இறையச்சத்தால் வந்தது என்று நம்பியிருந்தேன். அதில் ஒரு பெரும் பகுதி அந்தச் சிறிய தகட்டால் வந்தது என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது.

புதன்கிழமை மாலை. முன்னே ஒரு பெரியவர் சைக்கிளின் பின்னால் முட்டைத் தட்டுகளை அடுக்கிக் கட்டி, மெல்ல மிதித்துச் சென்றுகொண்டிருந்தார். முந்தும்போது என் கைப்பிடி அவர் தட்டுகளில் உரசியது. சைக்கிள் சாய்ந்தது. பத்து அடி தள்ளி நான் பிரேக்கை அழுத்தினேன். கண்ணாடியில் பார்த்தேன். அவர் சாலையில் உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் உடைந்த முட்டைகள். அவர் முட்டைகளைப் பார்க்கவில்லை, என் வண்டியின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணைத் தேடுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. அங்கே எண் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டேன்.

ஒரு நொடியில் எடுத்த முடிவு என்று சொல்லலாம். ஆனால் அந்த நொடியை நான்கு நாள்களாக நானே தயாரித்துவைத்திருந்தேன்.

மஃரிபுக்குப் பள்ளியில் நின்றேன். இமாம் ஓதியது எதுவும் செவியில் ஏறவில்லை. நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம், திவாலானவர் யார் என்று வினவிய ஹதீஸ் நம் அனைவருக்கும் தெரிந்ததே. பணமும் பொருளும் இல்லாதவர் என்று தோழர்கள் விடையளித்தார்கள். தொழுகை, நோன்பு, ஸகாத் அனைத்தையும் கொண்டுவந்தும், பிறரைத் திட்டியும் அடித்தும் அவர்கள் பொருளை உண்டும் வந்த காரணத்தால், தம் நன்மைகளையெல்லாம் அவர்களிடம் இழந்து நிற்பவரே தம் சமுதாயத்தில் திவாலானவர் என்று நபியவர்கள் விளக்கினார்கள். அன்று ஸஜ்தாவில் இருந்தபோது, என் தொழுகை யாருடைய கணக்கில் வரவு வைக்கப்படுகிறது என்ற கேள்வி எழுந்தது. அல்லாஹ்வுக்கும் எனக்கும் இடையிலுள்ள குற்றமாயின் அழுது மன்னிப்புக் கேட்கலாம். அடியார்களின் உரிமையில் செய்த குற்றத்திற்கு, முதலில் அந்த அடியாரிடம் அல்லவா போக வேண்டும்?

வியாழனன்று வண்டியைத் தொடவில்லை. காவல் நிலையத்திற்கு நடந்து சென்று, பலகை தொலைந்ததைப் புகாராக எழுதிக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது பெற்றேன். முட்டைக்காரரைப் பற்றியும் சொல்லவே போனேன், நா எழவில்லை. விபத்து நேர்ந்தால் ஓட்டியவர் காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்க வழிசெய்ய வேண்டும், காவல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு கூறுகிறது. மார்க்கமும் சட்டமும் ஒரே இடத்தில் நிற்க, நான் மட்டும் வேறிடத்தில் நின்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னர், ஒவ்வொரு முட்டைக் கடையாக ஏறி இறங்கினேன். மூன்றாவது கடையில் விவரம் கிடைத்தது. கடைக்காரர் சொன்னார்: “ஆமா, புதன்கிழமை எங்காள இடிச்சுட்டுப் போயிட்டான். நம்பரே இல்லையாம். பின்னாடி 786ன்னு ஒட்டிருந்துச்சாம், அதத்தான் சொன்னாரு.”

நான் அங்கேயே நின்றுவிட்டேன். வண்டி வாங்கிய அன்று என் மைத்துனர் அன்போடு ஒட்டிக்கொடுத்த ஸ்டிக்கர் அது. பலகை விழுந்தும் அது விழவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டிய எண் காணாமற்போய், என் சமுதாயத்தைக் காட்டிக்கொடுக்கும் எண் மட்டும் பளபளத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெரியவர் ஒரு மனிதனைக் குற்றம் சாட்ட விரும்பினார். அதற்கான வழியை நான் அடைத்துவிட்டதால், இந்த ஊரில் அந்த ஸ்டிக்கர் ஒட்டிய எல்லோரையும் சந்தேகிக்கும்படி ஆயிற்று.

அவர் வீட்டுத் திண்ணையில் முழங்காலில் கட்டோடு இருந்தார். அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக் கட்டியிருந்தார்கள். நான்தான் அது என்றேன். சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நின்னிருக்கலாமே பாய். ஏன் நிக்கல?”

எத்தனையோ விளக்கங்களை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. “பயந்துட்டேன் ஐயா” என்றேன். அதுவும் முழு உண்மை அல்ல. பயந்தவன் நின்றிருப்பான். பயம் இல்லாததால்தான் ஓடினேன்.

ஐந்து தட்டுகள், தட்டுக்கு 30 வீதம் 150 முட்டைகள். அவற்றில் 110 உடைந்தன. கடைக்காரர் 660 ரூபாயை அவர் கூலியில் கழித்துக்கொண்டிருந்தார். நான் 2,000 ரூபாயை நீட்டினேன். அவர் 660ஐ எண்ணி எடுத்துக்கொண்டு மீதியை என் கையில் வைத்தார். நீங்கள் புகார் கொடுப்பதாயின் நானே காவல் நிலையத்திற்கு அழைத்துச் செல்கிறேன் என்றதற்கு, “அங்க வந்து நிக்க எனக்கு ஏது பாய் நேரம்” என்றார். மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன். “காலு ஆறட்டும். அப்புறம் பாக்கலாம்” என்றார். இவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழும் காட்சி எதுவும் அங்கே நிகழவில்லை. நான் கேட்க மட்டுமே உரிமையுள்ளவன், கொடுப்பது அவர் உரிமை என்பதை எண்ணியபடி ஜும்ஆவுக்குப் போனேன்.

ஒரு வாரம் கழித்து, ஆர்.சி.யையும் காவல் நிலைய ரசீதையும் காட்டி முன்பதிவு செய்திருந்த புதிய பலகை, ராமநாதபுரத்திலுள்ள விற்பனை நிலையத்திற்கு வந்தது. வண்டியை நான் ஓட்டிச் செல்லவில்லை, சரக்கு ஆட்டோவில் ஏற்றிச் சென்றேன். மெக்கானிக் முதலில் பலகையைத் தொடவேயில்லை. விரிசல் விட்ட மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது மாட்டினார். அதன் பின்புறம் ஓர் இரும்புப் பட்டையைத் தாங்கலாக வைத்து, அகலமான வாஷர்களைக் கொடுத்தார். “அதிர்வு தகட்டுல நிக்கக் கூடாது, பட்டையில இறங்கணும்” என்றார். பிறகு 200க்கு 100 மில்லிமீட்டர் அளவுள்ள பலகையைத் துளைகளுக்கு நேராக வைத்து, வளையாமல் சாயாமல் நேராக நிற்கிறதா என்று பார்த்துப் பூட்டை அழுத்தினார். ‘டக்’ என்ற ஒலி கேட்டது. இறுதியில் பின்விளக்கைச் சோதித்தார். இரவில் 15 மீட்டர் தொலைவிலிருந்தும் எண் தெரியும்படி வெளிச்சம் விழ வேண்டும் என்பது விதி.

பழைய மட்கார்டோடு அந்த ஸ்டிக்கரும் போயிற்று. புதியது ஒட்டவா என்று மைத்துனர் கேட்டார், வேண்டாம் என்றேன். பிஸ்மில்லாஹ்வின் அரபு எழுத்துகளுக்கு அப்ஜத் முறையில் மதிப்பிட்டுக் கூட்டிவந்த எண் அது. நபியவர்களோ அவர்களின் தோழர்களோ அதைக் கையாண்டதற்குச் சான்றில்லை என்று ஆலிம்கள் பலர் சொல்லிவருகிறார்கள். அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கட்டிப் பதிவு பெறும் சகோதரர்களை நான் குறைசொல்ல வரவில்லை. வண்டியில் ஏறும்போது நாவால் பிஸ்மில்லாஹ் சொல்வதற்கும், பயண துஆ ஓதுவதற்கும் ஒரு காசும் செலவில்லை என்பதை மட்டும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நம் இரு தோள்களிலும் எழுதிக்கொண்டிருக்கும் கண்ணியமிக்க வானவர்களுக்கு நம்மை அடையாளம் காண எண் பலகை தேவையில்லை. மனிதர்களுக்குத் தேவை. நம்மால் பாதிக்கப்பட்டவர் நம்மிடம் வந்து கேட்பதற்கு நாம் திறந்துவைத்திருக்கும் வாசல் அது. அதை மடக்கி வைப்பதும், எழுத்துகளை அலங்காரமாய் வளைத்து எழுதுவதும், சேற்றால் மூடிக்கிடக்க விடுவதும், ‘நாளை’ என்று கம்பியால் கட்டிவைப்பதும் அந்த வாசலை அடைப்பதே ஆகும். சாலையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று கற்றவர்கள் நாம். நாமே இடையூறாகிவிட்டுத் தப்பித்துச் செல்லலாமா?

இன்று மாலை வண்டியை எடுக்கும் முன், அதன் பின்னால் ஒரு நொடி குனிந்து பாருங்கள். பலகையைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால், இன்றே சரிசெய்யுங்கள்.

பெரியவரின் கால் ஆறிவிட்டது. மீண்டும் சைக்கிள் மிதிக்கிறார். என் வண்டியைக் கண்டால் தலையை மட்டும் அசைக்கிறார். அன்று சொன்ன சொல்லை நான் இன்னும் நினைவூட்டவில்லை. அவராகச் சொல்லும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

யாரும் பார்க்காத இடத்திலும் தன்னைப் பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான் என்ற உணர்வை அல்லாஹ் நம் அனைவரின் உள்ளத்திலும் உறுதியாகப் பதியவைப்பானாக. பிறர் உரிமையைச் சுமந்தவர்களாக அவன் முன் நிற்பதிலிருந்து நம்மைக் காப்பானாக. ஆமீன்.