காலைக் கஞ்சியும் நித்திய பூசையும்

திருவதிகை வீரட்டானத்துப் பெருமான் திருமுன்பு திருநாவுக்கரசு சுவாமிகள் சூலை தீரப் பெற்ற வரலாறு சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. அந்நோயே அவரைத் தமக்கையார் திலகவதியாரிடத்து மீட்டுக் கொணர்ந்ததென்பதைச் சேக்கிழார் பெருமான் விரித்தோதுகின்றார். அப்பெருந்தகைக்கு வந்த நோய் ஆட்கொள்ளுதற் பொருட்டு இறைவன் விடுத்தது. அடியேனுக்கு வந்த நோயோ யானே வருவித்துக்கொண்டது. இரண்டனையும் ஒருங்கு வைத்தெண்ணுதல் அபசாரமாம். ஆயினும், வயிற்று நோயுற்ற நாள் தொட்டு அவர் அங்கே அருளிய முதற் றிருப்பதிகத்தை ஓதுந்தோறும் முன்னில்லாத ஓர் உருக்கம் எனக்கு உண்டாகின்றது.

யான் இளமையில் திருமடத்திலே தங்கித் தமிழும் சாத்திரமும் பயின்றவன். பூசை முடியுமுன் உணவு கொள்ளாமை அங்குப் பழகிய நியமம். ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்று ஆரணியில் அமர்ந்த பின்னர்ப் பூசையொடு திருமுறைப் பாராயணமும் நீண்டமையால், காலை பத்து மணிக்கு முன் ஒரு பருக்கையும் வாயிற் படுவதில்லை. அதில் எனக்கு ஒரு செருக்கும் இருந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு குவளை காப்பி மட்டும் உண்டு. காப்பி உணவன்று, வெறும் நீர்ப்பொருளே என்பது யான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம். முழங்கால் வலிக்கென மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையும் அக்காப்பியோடு உள்ளே செல்லும்.

2019 ஆம் ஆண்டு ஐப்பசியில் மேல்வயிற்றில் எரிச்சலும் குமட்டலும் தொடங்கின. பூசையில் அமர்ந்திருக்கும்போதே நெருப்பைக் கட்டிவைத்தாற் போலிருக்கும். மனம் இறைவன் திருவடியில் நில்லாது வயிற்றையே சுற்றி நிற்கும். வேலூரில் ஒரு மருத்துவர் வாய்வழியே குழாய் செலுத்தி நோக்கி, இரைப்பையின் உட்சவ்வு அழன்றிருக்கின்றது என்றார். நம் சித்த நூலார் குன்மத்தை எட்டு வகையாக வகுத்துக் கூறுவர். அவற்றுள் எரிவோடு கூடியதற்கு இஃது அணுக்கமாகும் போலும்.

இரைப்பையிற் சுரக்கும் அமிலம் கடியது. அஃது இரைப்பையையே அரித்துவிடாவண்ணம் ஒரு சளிப்படலம் காத்து நிற்கின்றது. வலிமாத்திரைகள் அக்காப்பைக் குறைத்துவிடுகின்றன. மற்றொரு காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. ஆத்திரேலியாவின் பெர்த் நகரத்து மருத்துவர்களாகிய ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர் இதனைக் கண்டனர். உலகம் நம்பாமையால் மார்ஷல் 1984 இல் அக்கிருமி வளர்த்த நீரைத் தாமே பருகி, சில நாளில் இரைப்பை அழற்சியுற்றுக் காட்டினார். 2005 இல் இருவர்க்கும் நோபெல் பரிசு கிடைத்தது. ஆலமுண்ட கண்டனை வழிபடும் நமக்கு இச்செய்தி ஒரு புன்முறுவலைத் தருமன்றோ!

என் வயிற்றிலும் அக்கிருமி இருந்தது. பதினான்கு நாள் மருந்தில் அது நீங்கிற்று. வலிமாத்திரையையும் விட்டொழித்தேன். அங்ஙனமாகவும் காலை எரிச்சல் முற்றும் அகலவில்லை. "வெறுவயிற்றில் காப்பி கூடாது, எழுந்து இரண்டு மணி நேரத்துக்குள் மெல்லிய உணவு ஏதேனும் கொள்ளவேண்டும்" என்று மருத்துவர் வற்புறுத்தினார். இங்கேதான் எனக்கு இடர் வந்தது. பல்லாண்டு காத்த நியமத்தை வயிற்றுக்காக விடுவதா? பிராரத்தம் நுகர்ந்தே கழியவேண்டுமெனின், நுகர்ந்து கழிப்பதே அடியார்க்கு அழகன்றோ? உறக்கமின்றி எண்ணிய இரவுகள் பல.

முடிவில், யான் பயின்ற திருமடத்து முதிய தம்பிரான் சுவாமிகளை அடைந்து விண்ணப்பித்தேன். அவர்கள் நெடுநேரம் கேட்டிருந்து, "காப்பிக்கு எந்த ஆகமத்தில் ஐயா நீர் விலக்குக் கண்டீர்?" என்றார்கள். யான் தலை கவிழ்ந்தேன். பின்னர், தனுவும் கரணமும் மலநீக்கத்தின் பொருட்டு இறைவன் உயிர்க்குத் தந்தவை. கருவியைக் கெடுத்துக்கொண்டு பயனை வேண்டுதல் எங்ஙனம் என்றும், பிராரத்தம் வரும்பொழுது பொறுத்தல் வேறு, காப்பியை ஊற்றி அதனை வளர்த்தல் வேறு என்றும் உணர்த்தினார்கள். பூசையைக் குறையற்க, பொழுதை முன்னே தள்ளுக, பாராயணத்தை உணவின்பின் வைத்துக்கொள்க என்பது அவர்கள் கட்டளை.

அவ்வாறே நான்கு மணிக்கு எழுந்து ஆறரைக்குள் பூசை முடிக்கின்றேன். நிவேதனம் பெரும்பாலும் முற்கான்னம், அஃதாவது அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வெந்தது. நிவேதன வகைகளுள் ஆகமங்கள் ஓதிய அதுவே என் இரைப்பைக்கும் இசைந்தது வியப்பே! மிளகைப் பொடித்துச் சிறிதே இடுவதும், நெய்யை அளவோடு விடுவதும் வேண்டும். கடைகளில் விற்கும் வெண்பொங்கல் நெய்யில் மிதப்பது. அஃது எனக்கு ஆகாது.

ஆரணி பட்டுக்கன்றி அரிசி ஆலைகளுக்கும் பெயர் பெற்ற ஊராதலின் நொய்க்குக் குறைவில்லை. நொய்க்கஞ்சியிற் சீரகம் இட்டு, கைபொறுக்கும் சூட்டில் அருந்துவது எரிவுற்ற நாளுக்கு ஏற்றது. அடுத்த வீட்டில் குழித்தறியில் நெய்யும் முதியவர் இதனைக் கேட்டு, "பாவுக்குக் கஞ்சி போடாமல் தறியில் ஏற்றினால் இழை அறுந்துபோகும், வயிற்றுக்கு வேண்டாமா ஐயா?" என்றார். அவரோ விடியலில் தேநீர் ஒன்றோடு தறியில் இறங்கி நண்பகல் வரை குனிந்திருப்பவர். அதனைச் சொன்னேன், சிரித்தார்.

இட்டலி நன்று, மாவு மிகப் புளித்திருத்தல் கூடாது, மிளகாய்ப் பொடியும் காரச் சட்டினியும் விலக்குக. இடியாப்பம் நன்று. கேழ்வரகுக் கூழ் இவ்வூரில் பலர்க்கு ஒத்துக்கொள்ளுகின்றது. எனக்குப் புளித்த கூழ் எரிவையும், புளியாத கேழ்வரகுக் கஞ்சி அமைதியையும் தருகின்றன. பூரியும் வடையும் எண்ணெய்ப் பண்டமாதலின் அறவே விட்டேன். பாலை மருந்தென்று நம்பியிருந்தேன். 1915 இல் சிக்காகோ நகரத்துச் சிப்பி என்னும் மருத்துவர் மணிக்கொரு முறை பாலும் பாலேடும் ஊட்டும் முறையை வகுத்தார். அது நெடுங்காலம் வழங்கிற்று. பால் அப்போதைக்கு எரிவைத் தணித்துப் பின்னர் அமிலத்தை மிகுவிக்கும் என்பது பிற்பாடு தெளிந்தது. என் அனுபவமும் அதுவே.

திருவள்ளுவர் மருந்ததிகாரத்துப் பத்துக் குறளுள் ஆறனை உணவுக்கே ஒதுக்கி, முன்னுண்டது அறுதலையும், மாறுபாடில்லாமையையும், அளவையும் அவற்றுட் பேசுகின்றார். எது மாறுபாடு என்பது ஆளுக்கு ஆள் வேறு; இரண்டு வாரம் குறித்து வைத்துப் பார்த்தால் அவரவர் வயிறே சொல்லிவிடும். ஆயின், உடல் மெலிதல், கறுத்த மலம், குருதி வாந்தி இவை கண்டால் கஞ்சியை நம்பியிராது உடனே மருத்துவரை நாடவேண்டும்.

விரத நாட்களே இன்னும் எனக்கு இடர் தருவன. முழு உபவாசத்தை மருத்துவர் விலக்கிவிட்டார். மகா சிவராத்திரிக்கு உபவாசம் உத்தமமென்றும், நீரோ பாலோ கொள்ளல் மத்திமமென்றும், பழம் உண்ணல் அதனினும் தாழ்ந்ததென்றும் பெரியோர் வகுத்திருக்கின்றனர். பால் எனக்கு ஆகாமையின் மத்திமமும் கைகூடாது, கனிந்த வாழைப்பழத்தோடு கடைநிலையில் நிற்கின்றேன். கார்த்திகைச் சோமவாரத்தில் என்போன்ற நோயாளர் காலையிலேயே கஞ்சி கொண்டு மாலை வழிபாடாற்றுதல் ஆமோ என்பதை ஆசாரியப் பெருமக்கள் இவ்விதழில் எழுதியருள வேண்டுகின்றேன்.