கூரையில் இருந்த துப்பாக்கி

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

சென்ற ஆண்டு ஆய்வுக்கூடத்தில் ஒரு குப்பியின் மேல் "பொட்டாசியம் நைட்ரேட்" என்று எழுதியிருந்தது. ஆசிரியர் அதன் பண்புகளை விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அது புதிய பொருளன்று. எங்கள் வீட்டில் அதற்கு வெடியுப்பு என்று பெயர். கரியும் கந்தகமும் சேர்ந்தால் அது கருமருந்து. அதன் வாடையைப் பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்கு முன்பே நான் அறிவேன்.

எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரத்தில் உள்ளது. எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். மக்காச்சோளம் போடுவோம். கதிர் பால் பிடிக்கும் நாளில் காட்டுப்பன்றிகள் இறங்கும். ஒரு கூட்டம் புகுந்தால் விடியும்போது தட்டைகள் சாய்ந்து கிடக்கும். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் மட்டும் சாயாமல் நிற்கும்!

ஆகவே தாத்தா காலத்திலேயே ஒரு நாட்டுத் துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிட்டது. குழலின் வாய் வழியாக மருந்தையும் பால்ரஸ் குண்டுகளையும் போட்டுக் கிட்டிக்கும் வகை. கூரைச் செருகலில் சாக்குக்குள் இருக்கும். உரிமம் கிடையாது. பயிரைக் காக்க இத்தகைய துப்பாக்கிக்கு உரிமம் கேட்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவிலேயே வழி இருக்கிறது என்பதை நான் கல்லூரிக்கு வந்த பிறகே படித்தேன். கைநாட்டு வைத்த தாத்தாவுக்கு அதை யார் சொல்வார்கள்?

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது நடந்ததை இங்கே எழுதுகிறேன். என் பெரியப்பா மகன் அண்ணனிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன்.

அன்று அமாவாசைக்கு முந்தைய இரவு. அப்பா காவல் பரணில் இருந்தார். சோளத்துக்குள் சலசலப்புக் கேட்டது. குரல் கொடுத்தார், பதில் இல்லை. சுட்டார். அடுத்து எழுந்தது பன்றியின் உறுமல் அன்று, "சித்தப்பா!" என்ற அலறல். தண்ணீர் பாய்ச்சப் போன அண்ணன், மோட்டார் இரைச்சலில் அப்பாவின் குரலைக் கேட்கவில்லை. தொடையில் இரண்டு குண்டுகள், முழங்காலில் ஒன்று.

வழக்கு வரும் என்ற பயத்தில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. வெளியூரில் ஒருவரிடம் காட்டினார்கள். தொடையில் இருந்தவை வந்துவிட்டன. முழங்காலில் இருந்தது வரவில்லை. இன்றும் அண்ணன் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். குண்டு பட்டதால் வந்த நொண்டல் பாதி. பயத்தால் வந்தது மீதி.

அதன்பின் அப்பா குண்டு போடுவதை நிறுத்தினார். வெறும் மருந்தை மட்டும் கிட்டித்து, சத்தத்துக்காகச் சுடுவார். ஆனால் துப்பாக்கியை விடவில்லை. பன்றிகள் விடவில்லையே!

சென்ற தை மாதம் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று ஊருக்குள் வந்தது. உரிமம் இல்லாத துப்பாக்கியை ஊர்ப் பெரியவர்கள் மூலம் ஒப்படைத்தால் வழக்கு இல்லை, மறைத்து வைத்தால் வழக்கு உண்டு என்று காவல்துறையினர் அறிவித்தனர். துண்டறிக்கையும் கொடுத்தார்கள். ஜவ்வாது மலையிலும், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மலையோர ஊர்களிலும் அண்மை ஆண்டுகளில் இதே முறையில் துப்பாக்கிகளைப் பெற்றிருக்கிறார்கள்.

அப்பா துண்டறிக்கையை என்னிடம் நீட்டினார்.

"காலேசு படிக்கிறியே, இதுல என்ன போட்டிருக்குன்னு சரியாப் படிச்சுச் சொல்லு. பின்னாடி புடிச்சுக்க மாட்டாங்களே?"

படித்தேன். மறுபடியும் படித்தேன். 2019இல் செய்த திருத்தத்தின்படி, உரிமமின்றித் துப்பாக்கி தயாரித்தால் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை என்பதையும், உரிமமின்றி வைத்திருப்பதற்கான தண்டனையும் கூடியிருப்பதையும் சொன்னேன். அப்பா அதற்கு அசையவில்லை. திண்ணையில் இருந்த அண்ணன்தான் பேசினார்: "குடுத்துடுங்க சித்தப்பா. இன்னொருத்தன் காலும் போக வேணாம்."

மறுநாள் விடியும் முன் அப்பாவும் நானும் சாக்கைக் கொண்டுபோய் மாரியம்மன் கோயில் திண்ணையில் வைத்தோம். எங்களுக்கு முன்பே அங்கே நான்கு சாக்குகள் இருந்தன. விடிந்தபோது ஒன்பது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அதன்பின் நூலகத்தில் எனக்கு வேலை வந்தது. காவல்துறைக்கு அரசு பணம் ஒதுக்குவது எப்படி? நம் சட்டமன்றத்தில் அது மானியக் கோரிக்கை எண் 22. காவல்துறையை நவீனமாக்க மத்திய அரசு உதவும் திட்டம் 1969-70இல் தொடங்கியது. 2021-22 முதல் ஐந்தாண்டுகளுக்கு, நாடு முழுவதற்குமாக ரூ. 26,275 கோடியில் அந்தப் பெருந்திட்டம் தொடர 2022இல் ஒப்புதல் தரப்பட்டது. ஆயுதம், தகவல் தொடர்புக் கருவி, தடய அறிவியல் கருவி என்று வாங்குவதற்கு நிறைய உண்டு. அவை வேண்டியவைதாம். ஆனால் எங்கள் ஊரின் ஒன்பது துப்பாக்கிகளை வெளியே கொண்டுவந்தவை யாவை? ஓர் ஆட்டோ வாடகை, ஒரு கட்டுத் துண்டறிக்கை, "வழக்கு இல்லை" என்ற ஒரு சொல், அந்தச் சொல்லைக் காத்த அதிகாரிகளின் பொறுமை.

ஆஸ்திரேலியாவில் 1996இல் போர்ட் ஆர்தர் என்ற இடத்தில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அந்நாட்டு அரசு சட்டத்தைக் கடுமையாக்கியதோடு நிற்கவில்லை. மருத்துவக் காப்பீட்டு வரியை ஓராண்டுக்குச் சற்றே உயர்த்தி, அந்தப் பணத்தில் ஏறக்குறைய ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டுச் சட்டம், துப்பாக்கி வன்முறையைத் தடுக்கும் மாநிலத் திட்டங்களுக்கு 75 கோடி டாலர் மானியம் ஒதுக்கியது. நம் சிக்கல் அவ்வளவு பெரிதன்று. அதனால்தான் சிறு பணத்திலேயே தீர்க்கலாம் என்கிறேன்.

ஆனால் துப்பாக்கியை வாங்கினால் மட்டும் போதாது. அது வீட்டுக்கு வந்த காரணத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அரியலூர்ப் பக்கம் கரைவெட்டியை அடுத்த ஊரிலிருந்து வரும் என் வகுப்புத் தோழனின் தாத்தா, ஒரு காலத்தில் ஏரிப் பறவைகளைச் சுட்டவர். அந்த ஏரி 1999இல் சரணாலயமாயிற்று. 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. இன்று வரித்தலை வாத்தைக் காண வருவோருக்கு அந்தத் தாத்தாவே கரையில் நின்று கைகாட்டுகிறாராம். தேவை போனது, துப்பாக்கியும் போனது.

எங்களுக்கோ தேவை போகவில்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 சனவரியில் தமிழக அரசு அறிவித்தது. முதல் ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. எங்கள் வயலோ காட்டின் கரையிலேயே இருக்கிறது. எனவே காவல்துறை மானியத்தில் ஒரு சிறு பங்கை, துப்பாக்கியை ஒப்படைத்த ஊர்களுக்கு வேலியாகவும் விளக்காகவும் தர வேண்டும். பயிர் இழப்பீடு தாமதமின்றிக் கிடைக்க வனத்துறையோடு சேர்ந்து வழி செய்ய வேண்டும். குண்டு பட்டவன் பயமின்றி ஆஸ்பத்திரிப் படியேற வேண்டும். இவையும் காவல் வேலைதாம்.

இந்தப் போகத்தில் பழைய சேலைகளை வரப்பைச் சுற்றிக் கட்டினோம். ஆனாலும் கால் பங்கு சோளம் போயிற்று. அப்பா ஒரு நாளும் துப்பாக்கியைப் பற்றிப் பேசவில்லை.

இரவில் இப்போது பரணில் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் அப்பா, அவர் கையில் தகர டப்பா. மற்றவர் அண்ணன். சோளத்துக்குள் சலசலப்புக் கேட்டால் அப்பா முதலில் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறார். அண்ணன் அங்கேயே இருக்கிறார் என்று கண்ட பிறகுதான் டப்பாவைத் தட்டுகிறார்.