கணக்கில் வராத சீல் கறி

அலாஸ்காவின் மேற்குக் கரையோரம், சக்சி கடலில் ஓர் ஒல்லிப்பிச்சான் தீவு. அதில் ஷிஷ்மரெஃப் என்றொரு கிராமம். இன்யூபியட் மக்கள் சுமார் 600 பேர்.

இவர்கள் சௌக்கியமா? கணக்குப்பிள்ளையைக் கேட்டால், 'தலைக்கு வருமானம் என்ன?' என்பார். அங்கேதான் இடிக்கிறது. படகெடுத்துப் போய் ஒரு சீலை அடித்து, கறியை உப்புக்கண்டம் மாதிரி காயப்போட்டு, எண்ணெய் எடுத்து, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் பங்கு கொடுக்கிறவருக்கு அன்றைக்கு வரவு பைசா கிடையாது. செலவு மட்டும் உண்டு. பெட்ரோல்!

2004-ல் வந்த ஆர்க்டிக் மனித வளர்ச்சி அறிக்கை இதைக் கவனித்தது. ஆயுள், படிப்பு, வருமானம் மட்டும் போதாது. பண்பாடு, இயற்கையோடு உறவு, தலைவிதி தன் கையில் இருக்கிறதா என்பதையும் பார் என்றது. 2010-ல் இவற்றை அளக்கவும் வழி சொன்னார்கள். தாய்மொழி பேசுகிறவர் எத்தனை பேர், தட்டில் உள்ளூர் வேட்டை எவ்வளவு என்று.

கறியை எடை போடலாம் சார். தலைவிதியை?

முன்பெல்லாம் புயல் சீசனுக்குள் கடல் உறைந்து கரைக்கு அரணாக நிற்கும். இப்போது பனிக்கட்டி லேட். அலை நேரே வந்து அறைகிறது. வருஷம் பூரா உறைந்து கிடந்த மண்ணும் இளகி உதிர்கிறது. ஊரையே மாற்றிவிடுவோம் என்று 2002-ல் ஓட்டுப் போட்டார்கள். 2016-ல் மறுபடி. 89-க்கு 78, போவதே ஜெயித்தது. அந்த 78 பேரை அசடுகள் என்று நான் சொல்ல மாட்டேன். சீல் வருகிற கடல் வாசல்படியில் அல்லவா இருக்கிறது!

இடம் மாற 18 கோடி டாலர் ஆகும் என்றது ஒரு மதிப்பீடு. அவ்வளவு பணம் வந்தபாடில்லை. கிராமம் இன்னும் அதே தீவில்தான் இருக்கிறது.