குழவி உள்ளமும் பிரிவும்

குழந்தை பேசத் தொடங்குமுன்னரே அதன் உள்ளம் வளரத் தொடங்கிவிடுகின்றது. இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் என்னும் நூல்வகை குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்து, கைகொட்டுமாறு வேண்டுவதைச் சப்பாணி என்றும், தளர்நடையிட்டு வருமாறு அழைப்பதை வருகை என்றும், குழந்தையோடு விளையாட நிலவை அழைப்பதை அம்புலி என்றும் முறைப்படுத்திற்று. நம் மாவட்டத்துத் திருச்செந்தூர் முருகன்மீது பகழிக்கூத்தர் பாடியதும் இவ்வகை நூலே. இப்பருவங்களை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். குழந்தை தன்னந்தனியே வளர்வதில்லை. கைகொட்டுதற்கு எதிரே ஒரு முகமும், நடந்து வருதற்கு நீட்டிய இரு கரங்களும் வேண்டும். அம்முகம் ஒருநாள் மறைந்துவிடின் யாது நிகழும்? இதுவே யான் ஈண்டுக் கூற விழைவது.

மில்லர்புரத்தில் வாழும் என் தமக்கையார்க்கு ஓர் ஆண்மகவு உண்டு. அவர்தம் கணவர் சரக்குக் கப்பலில் பணிபுரிபவர். குழந்தைக்கு ஒன்றேகால் வயதாயிருந்தபோது கப்பலேறியவர், ஒன்பது திங்கள் கழித்துத் திரும்பினார். கைப்பேசித் திரையில் தந்தையைக் கண்டு நாள்தோறும் சிரித்த அக்குழந்தை, அவரை நேரிற் கண்டதும் தாயின் சேலைக்குள் முகம் புதைத்துக்கொண்டது. அவர் கை நீட்டினார், அது வீறிட்டழுதது. "பெற்ற தகப்பனையே தெரியவில்லையே!" என்று உறவினர் நகைத்தனர். அவர் கண்கள் கலங்கியதை யான் கண்டேன். சிலர் குழந்தையை வலிந்து அவர் மடியில் இருத்த முற்பட்டனர். எம் அன்னையார் மட்டும், "விடுங்கள், அவனாக வரட்டும்" என்றார். மூன்று நாட்கள் அவர் தரையில் அமர்ந்து, வாளாவிருந்து, பொம்மை வண்டியை உருட்டிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் குழந்தை தான் கடித்த மக்ரூன் துண்டொன்றை அவர் வாயில் ஊட்டிற்று.

இஃது எம் இல்லத்திற்கு மட்டும் உரிய விந்தையன்று. 1951-ல் உலக சுகாதார நிறுவனத்திற்கு ஜான் பௌல்பி என்னும் ஆங்கில மருத்துவர் அளித்த அறிக்கை, தாயின் இடையறாத அன்பு குழவியின் மனநலத்திற்கு இன்றியமையாதது என்று வற்புறுத்திற்று. மறு ஆண்டில் அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் எட்டு நாள் தங்கிய இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்துக் காட்டினார். பிரிவுற்ற குழந்தை முதலில் அழுது போராடும். பின்னர்ச் சோர்ந்து வாடும். இறுதியில் பற்றற்றதுபோல் முகம் திருப்பும் என்று அவ்விருவரும் விளக்கினர். ஆகவே, முகம் திருப்புவது மறதியன்று. அன்பு புண்பட்டதன் அடையாளமே. இதனையுணர்ந்து, 1959-ல் வெளியான பிளாட் அறிக்கை, நோயுற்ற குழந்தைகளைப் பெற்றோர் தடையின்றிக் காண வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

நம் கடற்கரையார்க்கு இவ்வுண்மை புதிதன்று. முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில், குளிப்பவன் கல் கட்டிய கயிற்றைப் பற்றிக் கடலடிக்கு இறங்குவான். மூச்சு முட்டுங்கால் கயிற்றை அசைப்பான். தோணியிலிருப்பவன் உடனே மேலே இழுப்பான். கயிறு பிடிக்க மைத்துனனையே அமர்த்துவது வழக்கமென்பர். உடன்பிறந்தாள் கைம்மையுறக் கயிற்றை நழுவவிடுவார் உளரோ? மேலே ஒரு கை உண்டென்னும் துணிவினாலன்றோ அவன் ஆழத்திற்கு இறங்கினான்! குழந்தையும் அத்தகைத்தே. அழுதால் வருவார் உண்டென்று தேறிய குழந்தையே அயலாரோடு பழகவும், பண்டம் பகிரவும், சினம் ஆறவும் கற்கின்றது.

ஆனால் நம் நகரில் பிரிவு தவிர்க்கவியலாதது. தந்தையர் கடலோடுகின்றனர், தாயர் உப்பளத்திற்கும் மீன் பதனிடும் சாலைக்கும் செல்கின்றனர். பிரிதல் குற்றமன்று, சொல்லாமற் பிரிதலே தீது. குழந்தை அழுமென்றஞ்சி, அங்கன்வாடி வாயிலில் விட்டு ஒளிந்தோடுவார் பலர். அவ்வழுகைக்கு அஞ்சற்க. "மாலையில் வருவேன்" என்று கூறிச் செல்க, கூறியவாறே வருக. விட்ட இடத்தில் நாள்தோறும் ஒரே பணியாளர் வரவேற்பாராயின் பெரிதும் நன்று.

என் அத்தான் அடுத்த திங்கள் மீண்டும் கப்பலேறுகின்றார். இம்முறை குழந்தை உறங்கும் வேளையிற் புறப்படாது, அதனிடம் விடைபெற்றே செல்வதாகக் கூறியுள்ளார். அன்று இல்லம் அழுகையால் நிறையும், நிறைக.