குமிழில் பதிந்த விரல்

நம் வீட்டுக் கூடத்தில் ஒரு வால்வு வானொலி இருந்தது. 1950களில் செய்யப்பட்டது, பாட்டனார் கொழும்பிலிருந்து கொணர்ந்தது. மெருகேற்றிய மரப்பெட்டி, துணி போர்த்திய ஒலிபெருக்கி, பேக்கலைட்டுக் குமிழ்கள். திருகியவுடன் பேசாது, வால்வுகள் சூடேறும்வரை பொறுத்திருக்க வேண்டும். 1998இல் அதனைப் பழைய சாமான் வாங்குபவரிடம் ஐம்பது ரூபாய்க்குக் கொடுத்துவிட்டவர் நாமே.

அண்மையில் தமையனாரின் மகன் அவ்வானொலியைக் கணினித் திரையில் மீண்டும் எழுப்பினான். பிளெண்டர் என்னும் மென்பொருளின் மூலநிரல் 2002ஆம் ஆண்டிலேயே பொதுவில் திறந்துவிடப்பட்டது. எவரும் விலையின்றிப் பெறலாம். எஞ்சியிருந்த ஒரே புகைப்படத்தைக் கொண்டு, புள்ளிகளைக் கோடுகளாலும் கோடுகளைத் தளங்களாலும் இணைத்துப் பெட்டியை உருவாக்கியிருந்தான். உலகில் எப்பொருளின் விளிம்பும் முற்றிலும் கூர்மையானதன்று. ஆதலால் விளிம்புகளைச் சற்றே மழுக்கினால்தான் ஒளி அங்கே தங்கும் என்றான்.

யாவும் சரியாகவே இருந்தன. ஆயினும் நெஞ்சம் அசையவில்லை. கடையிலிருந்து இன்று வந்திறங்கியது போலிருந்தது.

"வலப்பக்கக் குமிழ் இப்படி இராது. வரிகள் தேய்ந்து மினுமினுக்கும்" என்றோம்.

"அது மட்டும் ஏன் சாச்சா?"

விடை சொல்லத் தொடங்கியபோதுதான் நமக்கே விளங்கிற்று. 1990 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்தினுள் புகுந்தது. தமையனார் அப்போது அங்கிருந்தார். கடிதமில்லை, தொலைபேசியில்லை. வாப்பா எவரிடமும் கலக்கத்தைக் காட்டினாரில்லை. இரவுதோறும் பி.பி.சி. தமிழோசைக்காகச் சிற்றலையில் தேடி, நழுவும் ஒலியைப் பெருவிரலால் திருத்தித் திருத்திப் பிடித்து வைப்பார். செய்தி முடிந்த பின்னும் கை குமிழை விட்டகலாது. பல்லாண்டுத் தேய்வில் எஞ்சிய வரிகளும் அந்நாட்களில்தாம் மறைந்தன. அக்டோபரில் தமையனார் அம்மான் வழியாக வந்து சேர்ந்தார்.

அரபியில் வானொலிக்கு 'மித்யாஃ' என்று பெயர். இரகசியத்தைக் காக்கத் தெரியாதவரையும் பழைய அரபியில் அச்சொல்லாலேயே குறிப்பர். வாப்பா மறைத்ததை அக்குமிழ் மறைக்கவில்லை.

பளபளப்பை ஆளும் சாம்பல்நிறப் படத்தில், விரல் பட்ட இடத்தை மட்டும் கறுப்பாக்கினான் பிள்ளை. குமிழ் மினுங்கிற்று. தமையனாரை அழைத்துக் காட்டிக் கதையைச் சொன்னோம். முப்பதாண்டுகளுக்கு மேலாக அவர் அறியாத செய்தி அது. நெடுநேரம் பேசவில்லை, "அந்தப் பெட்டி எங்கே?" என்று மட்டும் கேட்டார். நாம் தலை குனிந்தோம்.

தேய்வைக் கணினி வரைந்துவிடும். தேய்த்த விரல் யாருடையது என்பதைச் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும். அவர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.