பதினான்கு ரிஜிஸ்டர்கள்

ஆப்பரேட்டிங் சிஸ்டம் தேர்வென்றால் பேங்கர்ஸ் அல்காரிதம் வந்தே தீரும். எந்த ப்ராசஸுக்கு எதைக் கொடுத்தால் டெட்லாக் வராது என்று அட்டவணை போட்டு, கடைசியில் சேஃப் சீக்வென்ஸை எழுதிவிட்டால் முழு மதிப்பெண். டைக்ஸ்ட்ரா 1960களில் தந்த அழகான யோசனை அது. தி. நகர் அறையில் விடிய விடிய அந்தக் கணக்கைப் போட்டுப் பழகினோம். எந்த கெர்னல் இதைப் பயன்படுத்துகிறது என்ற கேள்வி மட்டும் வகுப்பில் எழவே இல்லை.

வேலைக்குப் போய்ப் பல வருடங்கள் கழித்து எக்ஸ்வி6 கெர்னலைப் படித்தபோதுதான் எனக்கு விடை கிடைத்தது. யூனிக்ஸின் 1975ஆம் ஆண்டு ஆறாம் பதிப்பை அடியொற்றி, எம்.ஐ.டி.யில் 2006இல் மாணவர்களுக்காக எழுதிய கெர்னல் அது. சில ஆயிரம் வரிகள்தான். முழுதாகப் படித்து முடிக்கலாம். அதில் பேங்கர் இல்லை. தனக்கு அதிகபட்சம் என்னென்ன தேவைப்படும் என்று ஒவ்வொரு ப்ராசஸும் முன்கூட்டியே சொன்னால்தானே அந்தக் கணக்கைப் போட முடியும்? நிஜத்தில் எது சொல்கிறது?

எக்ஸ்வி6 செய்வது வேறு. ஒரு புதிய ஃபைலை உருவாக்கும்போது டைரக்டரியின் லாக், ஐநோடின் லாக், டிஸ்க் பஃபரின் லாக், டிஸ்க் டிரைவரின் லாக், ப்ராசஸின் லாக் ஆகிய ஐந்தையும் ஒருசேரப் பிடித்திருக்க வேண்டிய கட்டம் வரும். யார் எடுத்தாலும் இதே வரிசையில்தான் எடுக்க வேண்டும். கபாலி கோயிலில் எவ்வளவு கூட்டமிருந்தாலும் எல்லோரும் ஒரே பக்கமாக வலம் வருவதால் எதிரெதிரே முட்டிக்கொள்வதில்லையே, அப்படி. லினக்ஸிலும் லாக் வரிசைதான். யாராவது மீறினால் எச்சரிக்க லாக்டெப் என்ற கருவியை கெர்னலுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

என்னை நாள் முழுக்கக் கட்டிப்போட்டது, ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் சிறிய அசெம்பிளி ஃபங்ஷன். எக்ஸ்வி6 இப்போது ஓடும் ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸரில் 32 ரிஜிஸ்டர்கள் உண்டு. அந்த ஃபங்ஷன் சேமித்து வைப்பது 14 மட்டுமே. மற்றவற்றில் தேவையானதை, அழைத்த சி ஃபங்ஷனே தன் ஸ்டாக்கில் வைத்துவிட்டிருக்கும். கம்பைலர் அதைப் பார்த்துக்கொள்கிறது. அந்த 14இல் திரும்ப வேண்டிய முகவரியும் ஒன்று. அதை மாற்றியதும், ஒரு ப்ராசஸ் அழைத்த ஃபங்ஷன் ஷெட்யூலருக்குள் போய்த் திரும்புகிறது. ஷெட்யூலர் அழைத்தது வேறொரு ப்ராசஸுக்குள் போய்த் திரும்புகிறது. கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியது இவ்வளவு பெரிய அற்புதமா!

2019இல் எக்ஸ்வி6 ரிஸ்க்-ஃபைவுக்கு மாறியது. அடையாறு மாணவர்களுக்கு அது தனி அதிர்ஷ்டம். காமகோடி தலைமையில் சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த சக்தி ப்ராசஸரும் அதே ரிஸ்க்-ஃபைவ்தான். 2018இல் அதில் லினக்ஸ் பூட் ஆனது. அதே ஐ.ஐ.டி.யின் செஸ்டர் ரெபைரோ எக்ஸ்வி6ஐ வைத்து நடத்திய பாடம் என்பிடெல்லில் இலவசமாகக் கிடைக்கிறது. சிப்பிலிருந்து கெர்னல் வரை, படிக்க வேண்டிய அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, நம் கல்லூரிகள் ஒரு செமஸ்டர் முழுவதையும் அட்டவணைகளில் செலவழிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு கெர்னலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க வையுங்கள்.

அதற்கு ஆய்வகம்கூட வேண்டாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு மேசையும், க்யூஎமு ஓடும் லேப்டாப்பும் போதும். கெர்னலில் இரண்டு ஸ்பின்லாக்குகளை ஓரிடத்தில் நேராகவும் இன்னோரிடத்தில் தலைகீழாகவும் எடுக்கும்படி எழுதி, மூன்று சிபியு கொடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். முதலில் ஒழுங்காகவே ஓடும். ஏதோ ஒரு ஓட்டத்தில் அப்படியே நின்றுவிடும். அப்போது ஜிடிபியைத் திறந்தால், இரண்டு சிபியுக்கள் அக்வயர் ஃபங்ஷனுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்; எந்த லாக் யார் கையில் இருக்கிறது என்பதையும் அங்கேயே படித்துவிடலாம்.