ஜீப்புக்கும் மை போடணும்

மரவள்ளி மூட்டையும் ஆறு ஆளுமா வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் இறங்கிட்டிருந்தோம். முன் சக்கரம் ஒரு பள்ளத்துல விழுந்து எழுந்ததுதான் தாமதம், ஸ்டீரிங் கையில் நிக்காம இடமும் வலமும் உதறுச்சு. மெதுவா பிரேக் போட்டு ஓரம் கட்டினேன். பக்கத்துல இருந்த பெரியவர், "ஏம்ப்பா, வண்டிக்குக் குளிர்க்காய்ச்சலா?" என்றார். யாரும் சிரிக்கல. அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம்.

ஆளை இறக்கிவிட்டு ஊர்ந்தே கீழே வந்தேன். மெக்கானிக் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடிச்சு ஆட்டினார். பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். அப்பவும் ஆடுச்சு. "வீல் பேரிங் இல்லண்ணே, கிங் பின் பேரிங். டை ராடு எண்டும் தேஞ்சிருக்கு."

சக்கரம் திரும்புற முட்டி அது. இப்போ வர்ற பல வண்டிகளில் அந்த இடத்தில் பால் ஜாயிண்ட் இருக்கும். தப்பு என்னோடதுதான். சேத்துக்கு ஆகும்னு அகல டயர் போட்டேன், அதைத் தாங்குற முட்டியைப் பார்க்கல. புது பேரிங் போட்டு, ஷிம் வெச்சு இறுக்கம் பார்த்தோம். டை ராடு எண்டை கிரீஸ் நிப்பிள் உள்ளதா மாத்தினோம்.

அப்பா மாட்டுவண்டி பூட்டுமுன் கடையாணியைக் கழட்டி, வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைச்ச மையை அச்சில் தடவுவார். மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரி, அது தவறாது. இப்போ நானும் மலையேறுற முந்தின நாள் கிரீஸ் கன்னோட வண்டிக்கடியில் படுத்துடுறேன்.

போன சந்தைக்கு அதே பெரியவர் வந்தார். சக்கரத்தைக் காலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துட்டுத்தான் ஏறினார்.